எந்த ஜெட் ஸ்கி வாங்கலாம்? கோத்தகிரித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமாவோடு சேர்ந்து ராமேஸ்வரம் பக்கம் வாட்டர் ஸ்கூட்டர் விடும் தொழிலில் இறங்கப் போகிறாராம். இரண்டு வண்டி வாங்க வேண்டும். ஸ்பார்க், விஎக்ஸ், ஜிபி1800ஆர், ஆர்எக்ஸ்பி-எக்ஸ் 300, அல்ட்ரா 310 என்று ஐந்து பெயர் குறித்து வைத்திருக்கிறார் (ஸ்பார்க்கும் ஆர்எக்ஸ்பி-எக்ஸும் சீ-டூ கம்பெனி, விஎக்ஸும் ஜிபியும் யமஹா, அல்ட்ரா கவாசாகி). இதில் எதற்குப் பவர் அதிகம், எது கையில் சொன்னபடி கேட்கும், வாங்கியதை முதலில் இங்கே மேலேயே ஏதாவது அணையில் ஓட்டிப் பழகலாமா, 300 எச்.பி. என்று போட்டிருப்பது நம் உயரத்திலும் 300தானா, இவ்வளவும் கேட்டுவிட்டு "சுருக்கமாகச் சொன்னால் போதும் அண்ணா" என்கிறார். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது, மன்னிக்கவும்.

நான் பதினோரு வருடம் வளைகுடாவில் ஒரு கடற்கரையில் இந்த வண்டிகளை வாடகைக்கு விடுவது, பிரிப்பது, மாட்டுவது என்று இருந்தவன். இப்போது குன்னூரில் பைக் பட்டறை. அதனால் பைக்கை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் மேட்டுப்பாளையத்துக்கு பைக்கில் இறங்குகிறீர்கள். பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு, எதிரில் பஸ். என்ன செய்வீர்கள்? ஆக்சிலேட்டரை விடுவீர்கள், பிரேக் பிடிப்பீர்கள், ஹேண்டிலைத் திருப்புவீர்கள். மலையில் பிறந்தவனுக்கு இது யோசிக்காமலே வரும். ஜெட் ஸ்கியில் உங்களைக் காலி பண்ணுவது சரியாக இந்தப் பழக்கம்தான். அதற்குச் சக்கரமும் கிடையாது, படகு போலப் பின்னால் சுக்கானும் கிடையாது. அடியில் உள்ள வலை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் அதைப் பின்பக்க மூக்கு வழியே பீய்ச்சுகிறது. ஹேண்டிலைத் திருப்பினால் அந்த மூக்கு திரும்புகிறது, அவ்வளவுதான். தண்ணீர் பீய்ச்சினால்தான் வண்டி திரும்பும். ஆக்சிலேட்டரை விட்ட மறுநொடி பீய்ச்சல் நின்றுவிடும், ஹேண்டிலை எந்தப் பக்கம் முறுக்கினாலும் வண்டி போன திசையில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சாயங்காலம் கடைசி வண்டியைக் கரைக்குக் கொண்டுவருகிறேன். ஒரு 40 கிலோமீட்டர் வேகம் இருக்கும். ஜெட்டி நெருங்கியதும் கை தானாக ஆக்சிலேட்டரை விட்டது, ஹேண்டிலை இடது பக்கம் முழுதாக ஒடித்தேன். வண்டி என்னை மதிக்கவே இல்லை. ஜெட்டியில் கட்டித் தொங்கவிட்டிருந்த லாரி டயரின் ட்ரெட் கோடுகள் வரை இப்போதும் கண்ணில் நிற்கிறது, அவ்வளவு நிதானமாக அது என்னை நோக்கி வந்தது. வண்டியின் முன்பக்க ஃபைபர் பிளந்துவிட்டது, என் தவடை ஹேண்டிலில் இடித்தது, இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தம். அந்த இடத்தில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துத் திருப்பியிருந்தால் அழகாக விலகிப் போயிருக்கும். மோதப் போகிற நேரத்தில் ஆக்சிலேட்டர் கொடு என்றால் எந்த மனுஷன் மூளை ஒப்புக்கொள்ளும்?

அதனால் வாங்கப்போகிற வண்டியைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது எச்.பி. இல்லை, ஆக்சிலேட்டரை விட்டால் அது என்ன செய்யும் என்பதுதான். சீ-டூ 2009இல் ஐபிஆர் என்று ஒன்று கொண்டுவந்தது. இடது கை லீவரைப் பிடித்தால் பின்மூக்குக்கு மேல் ஒரு வாளி போன்ற மூடி இறங்கி, பீய்ச்சும் தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும், வண்டி நிற்கும். யமஹா 2015இல் ரைடு என்ற பெயரில் அதே காரியத்தைத் தன் பாணியில் செய்தது. வாடகைத் தொழிலுக்கு இது இல்லாத வண்டியை நான் தொடமாட்டேன். ஸ்பார்க்கில் எல்லா வகையிலும் ஐபிஆர் வருவதில்லை, பழைய வண்டி பார்த்தால் லீவர் இருக்கிறதா என்று முதலில் இடது கைப்பிடியைப் பாருங்கள். கவாசாகியில் பல வருடம் கையால் இழுக்கும் ரிவர்ஸ் மட்டும்தான் இருந்தது, எலக்ட்ரானிக் பிரேக் பிற்பாடு வந்தது.

(ஜெட் ஸ்கி என்பதே கவாசாகி பதிவு செய்த பெயர்தான், நாம் எல்லா நகல் மெஷினையும் ஜெராக்ஸ் என்பது மாதிரி எல்லாவற்றுக்கும் அதை ஒட்டிவிட்டோம். 1973இல் அவர்கள் விட்ட நின்று ஓட்டும் வண்டிக்குப் பின்னால் இருந்தவர் கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர், அவரும் மோட்டோகிராஸ் பைக் ஓட்டியவர்தான். தரையில் விழுந்து அடிபடுவதற்குத் தண்ணீரில் விழுவது மேல் என்று தோன்றியிருக்கிறது, நியாயம்தானே.)

சரி, பவருக்கு வருவோம். ஸ்பார்க்கில் 900 சிசி ரோட்டாக்ஸ் எஞ்சின், மூன்று சிலிண்டர், 60 அல்லது 90 எச்.பி. விஎக்ஸ் அடிப்படை மாடலில் யமஹாவின் 1049 சிசி டிஆர்-1 எஞ்சின், நூறுக்குக் கொஞ்சம் மேலே. ஜிபி1800ஆரின் எஸ்விஎச்ஓ ரகத்தில் 1812 சிசி, சூப்பர்சார்ஜரோடு (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) சுமார் 250. ஆர்எக்ஸ்பி-எக்ஸில் 1630 சிசி, 300, அப்புறம் 2024இல் அதையே 325 ஆக்கினார்கள். அல்ட்ராவில் 1498 சிசி, பெயரிலேயே உள்ளபடி 310. காகிதத்தில் பார்த்தால் ஸ்பார்க்கைவிட ஆர்எக்ஸ்பி-எக்ஸ் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் ஸ்பார்க் 90 அமைதியான தண்ணீரில் மணிக்கு 80 கிலோமீட்டர் பக்கத்தில் போகும், பெரியவை மூன்றும் 108, 110இல் நின்றுவிடும். மூன்று மடங்கு பவருக்கு 30 கிலோமீட்டர்தான் கூடுதல்.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கம்பெனிகள் தாங்களே கட்டிப்போட்டிருக்கும் வேகம், மணிக்கு 67 மைல், அதாவது அந்த 108 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். 250 எச்.பி. வண்டியும் 310 எச்.பி. வண்டியும் கடைசியில் ஒரே வேகத்தில் போவது இதனால்தான். இன்னொன்று தண்ணீரின் குணம். இம்பெல்லரை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றவைக்க எட்டு மடங்கு பவர் வேண்டும். முதல் 60 எச்.பி. உங்களை நன்றாக ஓடவைக்கும், அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு குதிரையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலை செய்யும். அந்தக் கூடுதல் பவர் எங்கே தெரியும் என்றால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போதும். ஆர்எக்ஸ்பி-எக்ஸில் முதல்முறை முழு ஆக்சிலேட்டர் கொடுத்தவன் முகத்தைப் பார்க்க வேண்டும், கால் பலகையிலிருந்து வழுக்கிக் கை மட்டும் ஹேண்டிலில் தொங்கும்.

கையாளுவதில்தான் இந்த ஐந்துக்கும் உண்மையான வித்தியாசம். ஸ்பார்க் 200 கிலோவுக்குக் கீழே, பொம்மை மாதிரி. உடம்பை லேசாகச் சாய்த்தாலே திரும்பும், பின்பக்கம் வழுக்கும், ட்ரிக்ஸ் மாடலில் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி விளையாடலாம். ஆனால் அலை ஒரு முழத்துக்கு மேல் எழுந்தால் முதுகெலும்பை எண்ணிக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான், ஒவ்வொரு அலைக்கும் ஒரு குத்து. அல்ட்ரா இதற்கு நேர் எதிர். எண்ணெய், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 470, 480 கிலோ, 78 லிட்டர் டேங்க், அடிப்பாகம் ஆழமான வி வடிவம். கடல் கொந்தளிக்கும்போது அதைப் பிளந்துகொண்டு போகும், மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அதே வண்டி அமைதியான தண்ணீரில் நின்றால் பக்கவாட்டில் ஆடும், புதிதாக ஏறுகிறவர் பயந்துபோவார். ஆழமான வி என்றாலே நிற்கும்போது ஆட்டம், ஓடும்போது நிதானம்.

ஜிபிக்கும் ஆர்எக்ஸ்பிக்கும் இடையில்தான் ஓட்டத் தெரிந்தவர்கள் சண்டை போடுவார்கள். இரண்டையும் பல நூறு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். ஆர்எக்ஸ்பி-எக்ஸ் வளைவில் தண்டவாளத்தில் போகிற மாதிரி கடித்துக்கொண்டு திரும்பும், நம் மலை ரயில் பல்சக்கரம் ஞாபகம் வரும். வழுக்கவே வழுக்காது. கேட்க நல்ல விஷயம்தான், ஆனால் 80இல் வண்டி கடித்துக்கொண்டு திரும்பும்போது உங்கள் உடம்பு திரும்பாது, வெளிப்பக்கம் போய் விழுவீர்கள். தொடையாலும் முட்டியாலும் வண்டியை இறுக்கிப் பிடிக்கத் தெரிந்தவருக்கான வண்டி அது. ஜிபி1800ஆர் சுமார் 350 கிலோ, வளைவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பின்பக்கம் நழுவுவதை நீங்கள் இடுப்பிலேயே உணர்ந்து சரிசெய்ய அவகாசம் தரும். எனக்குப் பிடித்தது ஜிபிதான். வேகம் பார்த்துச் சொல்லவில்லை, அது கோபப்படுவதற்கு முன் சொல்லிவிட்டுக் கோபப்படுகிறது.

விஎக்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொல்லை இல்லாத வண்டி. யார் ஏறினாலும் ஓடும்.

இனி மேலே ஓட்டுவது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். எஞ்சினுக்கு மூச்சு குறைந்தால் பவரும் குறையும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அதே கதை. உங்கள் 90 எச்.பி. ஸ்பார்க் இங்கே 70 சொச்சம். "சூப்பர்சார்ஜர் இருந்தால் மலையில் பவர் குறையாது" என்று பலர் சொல்வார்கள், அது தவறு. சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு பல்சக்கரத்திலோ பெல்ட்டிலோ கோத்தது, எஞ்சின் சுற்றும் வேகத்துக்குத் தகுந்தபடிதான் அதுவும் சுற்றும், வெளியில் இருக்கும் காற்றை இத்தனை மடங்கு என்று அமுக்கித் தரும். வெளியிலேயே காற்று மெலிந்திருந்தால் மெலிந்ததைத்தான் பெருக்கும். டர்போ என்றால் வேறு கதை, இந்த ஐந்தில் டர்போ எதிலும் இல்லை.

கீழே கடலில் 7,500 ஆர்பிஎம் தொட்ட ஒரு வண்டியை ஒருமுறை ட்ரெய்லரில் ஏற்றி மேலே கொண்டுவந்து, அனுமதி வாங்கிய ஒரு நீர்த்தேக்கத்தில் இறக்கினோம். முழு ஆக்சிலேட்டரில் மீட்டர் 6,900ஐத் தாண்டவில்லை. வண்டிச் சொந்தக்காரர் எஞ்சின் போய்விட்டது என்று தலையில் கை வைத்துவிட்டார். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. மேலே சொன்ன எட்டு மடங்குக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பவர் 20 சதவீதம் குறைந்தால் சுற்று 7, 8 சதவீதம்தான் குறையும், சரியாக அதுதான் குறைந்திருந்தது. இங்கேயே நிரந்தரமாக ஓட்டுகிறவர் என்றால் இதழ்ச் சாய்வு குறைந்த இம்பெல்லர் மாற்றி எஞ்சினை அதன் சுற்றுக்குக் கொண்டுவரலாம், பழகுவதற்கு மட்டும் என்றால் தொடாதீர்கள், கீழே போய் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். இந்த ஐந்தும் ஃபியூவல் இன்ஜெக்ஷன், காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய டூ-ஸ்ட்ரோக் கார்புரேட்டர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் ஜாக்கிரதை. கோயம்புத்தூரில் டியூன் பண்ணிய ஆர்எக்ஸ் 100 லவ்டேல் ஏறும்போது எப்படித் திக்கித் திணறிப் பிளக் கருத்துப்போகுமோ அதேதான் நடக்கும்.

அனுமதி என்று சொன்னேன் இல்லையா, அது சும்மா இல்லை. ஊட்டி ஏரியும் பைக்காராவும் படகு இல்லம் நடக்கும் இடங்கள். எமரால்டு, அவலாஞ்சி எல்லாம் மின்வாரிய அணைகள், சுற்றிலும் காடு. நினைத்த நேரத்தில் ட்ரெய்லரைப் பின்னால் விட்டு வண்டியை இறக்க முடியாது, எழுத்தில் அனுமதி இல்லாமல் போகவே போகாதீர்கள். நம் தண்ணீரில் இன்னும் இரண்டு தொல்லை. ஒன்று குளிர். ஜனவரி காலையில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது, லைஃப் ஜாக்கெட் இருந்தால்தான் அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டுவீர்கள். வெட்சூட் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இன்னொன்று பாசி. அன்றைக்கே, 6,900 கதை நடந்த அன்றே, இரண்டாவது ரவுண்டில் வண்டி அலறியது, ஆனால் நகரவில்லை. கிளட்ச் போன பைக் மாதிரி எஞ்சின் சத்தம் மட்டும் மேலே போகிறது. கரைக்குத் தள்ளிக்கொண்டுவந்து, மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றைப் பிடுங்கி எஞ்சினை நிறுத்தி, பக்கவாட்டில் படுத்து அடியில் கையை விட்டேன். தண்ணீர் பனிக்கட்டி. வலைக்கம்பிகளுக்கு நடுவே வழவழவென்று நீர்ப்பாசி, ஒரு பிடி இழுத்தால் சேலை முந்தானை மாதிரி நீளமாக வந்துகொண்டே இருந்தது, கடைசியில் ஒரு துண்டு நைலான் கயிறும் வந்தது. அந்தக் கயிறுதான் இம்பெல்லர் தண்டில் சுற்றி மற்றதையெல்லாம் பிடித்து வைத்திருந்தது. வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது, விரல் மரத்து இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. மணிக்கட்டுக் கயிற்றைப் பிடுங்கி எஞ்சினை நிறுத்தாமல் அடியில் கை விடாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும். சீ-டூ எஞ்சினைக் குளிர்விப்பது கார் ரேடியேட்டர் போல உள்ளேயே சுற்றும் கூலன்ட், யமஹாவும் கவாசாகியும் வெளித் தண்ணீரையே எஞ்சினுக்குள் விடுகிறவை. பாசி, சேறு உள்ள இடத்தில் சீ-டூவுக்கு இது ஒரு சாதகம். கடலிலும் அப்படியே, உப்பு எஞ்சினுக்குள் போகாது, ஆனால் எக்சாஸ்ட் பக்கம் போகும், அதனால் தினமும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது எந்த வண்டிக்கும் தப்பாது.

சரி, உங்கள் ராமேஸ்வரம். பெண்கடல் (வடக்கே பாக் விரிகுடா) பக்கம் தண்ணீர் அமைதி, ஆனால் ஆழம் குறைவு. இடுப்பளவுக்குக் குறைந்த தண்ணீரில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் மணலையும் கடல்புல்லையும் உறிஞ்சி இம்பெல்லரை அரைத்துவிடும், வாடகைக்காரர்கள் செலவு செய்வதில் பெரும்பங்கு இதற்குத்தான். ஆண்கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் ஸ்பார்க் தாங்காது. மன்னார் வளைகுடாவில் கடல் தேசியப் பூங்கா இருக்கிறது, எந்த எல்லைக்குள் ஓட்டலாம் என்பதை வண்டி வாங்குவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வாங்கிவிட்டுக் கேட்டால் மாமா உங்களைச் சும்மா விடமாட்டார்.

என் யோசனை: இரண்டும் விஎக்ஸ், ரைடு உள்ளதாக. ஒரே மாதிரி இரண்டு என்றால் ஒரே செட் ஸ்பேர், ஒரே வேலை, ஒன்று படுத்தால் அதிலிருந்து கழற்றி மற்றதை ஓட்டலாம். பட்ஜெட் இடித்தால் ஒன்று விஎக்ஸ், ஒன்று ஐபிஆர் உள்ள ஸ்பார்க் 90. சீ-டூவில் வேகத்தைக் கட்டிப்போடும் லேர்னிங் கீ கேட்டு வாங்குங்கள், முதல்முறை ஏறுகிறவர்களிடம் அதைத்தான் கொடுக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் உள்ள பெரியவை மூன்றும் வாடகைக்கு வேண்டாம். ஓட்டுகிறவன் விழுவான், பெட்ரோலும் உயர் ஆக்டேன் கேட்கும். பெட்ரோல் என்றதும் ஒன்று, இந்தக் கம்பெனிகளின் கையேடுகள் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கின்றன, நம் பங்கில் இன்று பெரும்பாலும் ஊற்றுவது 20 சதவீதம். எத்தனால் தண்ணீரை இழுக்கும், கடற்கரையில் டேங்கில் வாரக்கணக்கில் நின்றால் கேட்கவே வேண்டாம். எத்தனால் இல்லாத பெட்ரோல் எங்கே கிடைக்கிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள், அந்தச் செலவையும் வாடகைக் கணக்கில் சேருங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு டார்ச்சும் விசிட்டிங் கார்டும் எடுத்துப் போங்கள். எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூக்குக்குள்ளும், அப்புறம் அடியில் வலை வழியாகவும் டார்ச் அடியுங்கள். இம்பெல்லர் இதழின் ஓரம் கத்தி மாதிரி சீராக இருக்க வேண்டும், பல் பல்லாக இருந்தால் மணலும் கல்லும் தின்ற வண்டி. இதழுக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்து விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் வளையம் தேய்ந்துவிட்டது, விலையில் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். சீட்டைக் கழற்றி எஞ்சின் அறைக்குள் மூக்கை விட்டு முகருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீர்கள். மீட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.